பன்னீர் ஒன்பது, ஆபீசர் ஒன்று

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு இளம் அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் புதிதாக வந்த செயலி. இலையைப் படம் பிடித்தால் போதுமாம். பயிர் என்ன, ரகம் என்ன, நோய் என்ன என்று போனே சொல்லிவிடுமாம். எங்கள் வீட்டு வேலியில் படர்ந்திருந்த கோவைக் கொடியைக் காட்டினேன். போன் சற்று யோசித்துவிட்டு, ‘திராட்சை, அடிச்சாம்பல் நோய்’ என்றது. கோவைக்கு ஒரே நொடியில் கிடைத்த இந்தப் பதவி உயர்வைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. முப்பத்து நான்கு வருட வேலையில் நான் பெற்றது இரண்டே இரண்டு.

“நீங்கல்லாம் இது இல்லாம எப்படி சார் ரகம் கண்டுபிடிச்சீங்க? எழுதிக் குடுங்க, ஆபீஸ் மலர்ல போடறோம்” என்றார்கள்.

“தப்பாக் கண்டுபிடிச்சதையும் எழுதலாமா?” என்று கேட்டேன். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்கள். அதனால் அதையே எழுதுகிறேன்.

விவசாயக் கல்லூரியில் நான்கு வருடம் படித்தேன். முதல் வகுப்பு. அந்தப் படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே துரைராஜ் சார் அதில் முக்கால்வாசியை அடித்துத் திருத்திவிட்டார்.

துரைராஜ் சார் எங்கள் மேலதிகாரி. குரலை உயர்த்தமாட்டார். நாம் எழுதிக் கொண்டுபோகும் அறிக்கையை மேஜையில் விரித்து, பச்சை மைப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பார். படித்து முடிக்கும் வரை டீயைத் தொடமாட்டார். திரும்பி வரும் டம்ளரில் டீயின் மேல் எவ்வளவு ஆடை படிந்திருக்கிறது என்பதைப் பார்த்தே, யாருடைய அறிக்கை என்ன கதி அடைந்தது என்று கடைநிலை ஊழியர் சொல்லிவிடுவார். என் முதல் அறிக்கையின் டீயை ஸ்பூனால் குத்தித்தான் கீழே கொட்ட வேண்டியிருந்தது.

“செழிப்பான கொடின்னு எழுதியிருக்கியே முருகேசா, செழிப்புன்னா எத்தனை அடி?”

“நல்லா படர்ந்திருந்துச்சு சார்.”

“நல்லான்னா எத்தனை அடி?”

அவர் அறிக்கைக்கு மூன்று கட்டங்கள் வகுத்திருந்தார். கண்டேன், எண்ணினேன், கேட்டேன். கண்ணால் பார்த்தது முதல் கட்டம். எண்ணியது, அளந்தது இரண்டாவது. பிறர் சொன்னது மூன்றாவது; யார் சொன்னது என்ற பெயரோடு. ஒன்றில் வரவேண்டியதை இன்னொன்றில் எழுதினால் பச்சை மை ஓடும். இதோடு ஒரு கூடுதல் விதி: கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். வாழை பற்றிக் கேட்டால் தென்னையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

“நான் நினைச்சதை எங்க சார் எழுதுறது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அதுக்குக் கட்டம் கிடையாதுப்பா. நினைக்கிறதுக்கு உனக்கு சம்பளம் இல்ல.”

அவரிடம் வேலை பழகிய இரண்டாம் வருடம் அது நடந்தது. சிறுமலை அடிவாரத்துத் திராட்சைப் பந்தல்களில் பட்டுப்போன கொடிகளின் இடத்தை நிரப்ப, எங்கள் நாற்றுப் பண்ணையிலிருந்து குச்சிகள் கொடுத்தோம். பன்னீர் ஒரு பக்கம், பெங்களூர் நீலம் ஒரு பக்கம். கட்டுக்கட்டாக, அட்டை எழுதிக் கட்டி, கொட்டகை வாசலில் அடுக்கியிருந்தது. முதல் நாள் பெய்த மழையில் அட்டைகளின் மை கரைந்து, எல்லாக் கட்டும் ஒரே ரகமாகிவிட்டது. இலை இல்லாத மொட்டைக் குச்சிகள். வெளியே விவசாயிகள் சாக்கோடு காத்திருந்தார்கள்.

துரைராஜ் சார் வந்து பார்த்தார். “பாத்தியில ஊன்றி வை. துளிர் விட்டதும் இலையைப் பாத்துப் பிரிச்சுக் குடு. ஒரு மாசம் காத்திருக்கட்டும்” என்றார்.

“வேணாம் சார். பட்டையைப் பாத்தே நான் பிரிச்சிருவேன்.”

“நிச்சயமா?”

“நிச்சயம் சார்.”

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “உன் கையெழுத்து” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பிரித்தேன், புது அட்டை கட்டினேன், பதிவேட்டில் எழுதினேன், விநியோகச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காலத்தில் என் கையெழுத்துக்குக் கீழே ஒரு நெளிவும் இரண்டு புள்ளிகளும் இருக்கும். முதல் வகுப்பு வாங்கியவன் அல்லவா.

பிறகு முப்பத்திரண்டு வருடம் ஊர் ஊராக ஓடிப்போயிற்று. சித்தையன்கோட்டைப் பக்கம் வாழை, ஒட்டன்சத்திரத்தில் முருங்கை, நிலக்கோட்டையில் மல்லிகை. ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கையில் திண்டுக்கல் அலுவலகத்துக்கே திரும்பி வந்தேன். வந்த வாரத்தில் மேஜைக்கு ஒரு மனு வந்தது. மூன்று பக்கம், இணைப்பு இரண்டு. பொருள்: ‘பன்னீர் திராட்சையில் ரகக் கலப்படம்.’

எழுதியவர் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். சேவியர் என்று வைத்துக்கொள்வோம். திண்டுக்கல் ஊருக்குள் பழைய சுருட்டு வியாபாரி ஒருவரின் வீட்டை வாங்கிக் குடியிருந்தார். வியாபாரி புகையிலை போட்டுவைத்த நிலவறை வீட்டுக்கு அடியில் இருந்தது. அங்கேதான் பேராசிரியர் கிறிஸ்துமஸுக்கு ஒயின் ஊறப்போடுவார். தன் வீட்டுக்கு, நண்பர்கள் மூன்று பேர் வீட்டுக்கு. அதற்கு அனுமதி உண்டா என்று நான் கேட்கவில்லை. மனு திராட்சை ரகத்தைப் பற்றியது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

அடிவாரத்து ஊரில் ஒன்றரை ஏக்கர் பந்தல் வைத்திருந்த பேச்சியம்மாதான் பத்து வருடமாக அவருக்குப் பழம் கொடுத்தவர். இந்த வருடம் ஊறப்போட்ட ஜாடியில் பன்னீர் வாசம் இல்லையாம், மிட்டாய் வாசம் அடிக்கிறதாம். சந்தையில் மட்டமான நீலத் திராட்சையை வாங்கி வந்து கலந்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. நண்பர்கள் மூவரிடமும் சொல்லி, இனி அந்தம்மாவிடம் பழம் எடுப்பதில்லை என்று முடிவும் செய்துவிட்டார். பேராசிரியர் முடிவை முதலில் எழுதிவிட்டுப் பிறகு சோதனைக்கு ஆள் அனுப்பச் சொல்கிறவர்.

விதிப்படி சோதனையின்போது இரண்டு தரப்பும் இருக்க வேண்டும். பேச்சியம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். ஐம்பதைத் தாண்டிய, நெடுநெடுவென்ற பெண். பஸ் இறங்கி நேரே வந்தார். நிலவறைக் கதவில் ஊர்ப் பெருமைக்காக ஒரு மாங்காய்ப் பூட்டு. அதைப் பேராசிரியர் திறக்கும் வரை அவர் முகத்தைக்கூடப் பேச்சியம்மா பார்க்கவில்லை. பதினோரு படி இறங்கியதும் சுற்றிலும் பார்த்தார்.

“ஏம் பழத்தயெல்லாம் இம்புட்டு நாளா இந்தப் பாதாளத்துலயா அடைச்சு வச்சிருந்தீக? வெளிச்சங்கூட இல்ல.”

“வெளிச்சம் படக்கூடாதும்மா. அது ஒரு கெமிஸ்ட்ரி” என்றார் பேராசிரியர்.

பதினான்கு பீங்கான் ஜாடிகள் சுவரோரம் நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் எண். சுவரில் ஒரு சிலேட்டுப் பலகையில் சாக்குக் கட்டியால் கலவைக் கணக்கு: முதல் நான்கு ஜாடி, பன்னீர் பத்து. ஐந்து, பன்னீர் ஏழு, பச்சை மூன்று. ஆறு, பன்னீர் ஆறரை, பச்சை மூன்று, விதையில்லாதது அரை. விதையில்லாத அரைப் பங்கு அதில் என்ன சாதிக்கிறது என்று கேட்க நினைத்தேன். மேலே படியில் நின்றிருந்த அவர் மனைவி மேரி டீச்சர் என் முகத்தைப் படித்துவிட்டார்.

“கேக்காதீங்க சார், ஒரு மணி நேரம் ஆகும். இந்த வீட்டுல லேபிள் ஒட்டாம இருக்கறது நான் ஒருத்திதான்.”

புகாருக்குரியது முதல் ஜாடி. நல்ல வேளையாக இன்னும் வடிகட்டவில்லை. தோலும் விதையும் உள்ளேயே இருந்தன. பழம் கூழாகிவிட்டால் ரகத்தைச் சொல்லக் கூடியது விதை ஒன்றுதான். பன்னீர் விதை ஒல்லி, மூக்கு நீளம். நீலத்தின் விதை குண்டு, மூக்கு இருக்கிறதா என்று தேட வேண்டும். விதை அடியில் தங்கும் என்பதால் அடிவரை கிண்டிவிட்டு, அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என மூன்று அகப்பை எடுத்தேன். சல்லடையில் ஊற்றிக் கழுவினேன். வெள்ளைத் தட்டில் பரப்பினேன். விதையோடு கோதுமையும் இரண்டு கிராம்பும் வந்தன.

“கோதுமை ரகத்தையும் சொல்லணுமா சார்?” என்றேன்.

“அது என் அம்மாவோட ரெசிபி” என்றார் பேராசிரியர், சிரிக்காமல்.

நூறு விதை எண்ண வேண்டும். யார் பொறுக்கினாலும் மற்றவர் சந்தேகப்படுவார் என்பதால், ஆளுக்கு ஐம்பது என்று இருவரையுமே கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கச் சொன்னேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினார். பல்குச்சியால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒல்லி எண்பத்தொன்பது, குண்டு பதினொன்று.

“பதினொன்னு! மனுவுல நான் நூத்துக்குப் பத்துன்னு எழுதியிருக்கேன், பாருங்க. நாக்கால மட்டும் சொன்னது!”

பேச்சியம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதினொன்றில் ஆறு அவர் கையால் பொறுக்கியவை.

“ஆபீசரய்யா,” என்றார் கடைசியில், “பத்து வருசமா ஏங் கொடியில காய்ச்சதத் தவுர ஒத்தப் பழம் நான் கொண்டாந்ததில்ல. வெலைக்கு வாங்கிக் கலந்தேன்னு மட்டும் நீங்க எழுதிட்டீகன்னா, பந்தல அடியோட வெட்டிட்டு மல்லியப் போட்டு நெலக்கோட்டைக்கு அனுப்பிக்கிறேன். கள்ளின்னு பேரு வாங்கிட்டு அந்தப் பந்தலுக்குக் கீழ நிக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டுப் படியேறிவிட்டார். மேரி டீச்சர் மேலே அவருக்குக் காப்பி நீட்டியதும், அவர் வாங்காமல் போனதும் கீழே கேட்டது.

மறுநாள் பந்தலுக்குப் போனேன். பேராசிரியரும் வந்தார், தொப்பி, குடை, பூதக்கண்ணாடி சகிதம். பழம் எல்லாம் அறுத்து முடிந்திருந்தது. கொடியிலேயே ரகம் பார்க்க இரண்டு வழி உண்டு. இலையைத் திருப்பினால் நீலத்தின் அடிப்பக்கம் வெள்ளைக் கம்பளி போர்த்தியிருக்கும். பன்னீரில் அது இருக்காது. இன்னொன்று பற்றுக்கம்பி. பன்னீர் கொடி இரண்டு கணுவில் கம்பி விட்டால் மூன்றாவதில் ஓய்வெடுக்கும். நீலம் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் கணுவுக்குக் கணு விட்டுக்கொண்டே போகும். அரசுப் பணிக்கு நான் பன்னீரையே சிபாரிசு செய்வேன்.

வரிசை வரிசையாக நடந்தோம். எல்லாம் பன்னீர். கிழக்குக் கடைசி வரிசைக்கு வந்து ஓர் இலையைத் திருப்பினேன். வெள்ளைக் கம்பளி. அடுத்த கொடி. வெள்ளை. அந்த வரிசையில் மட்டும் ஏழு கொடிகள்.

“இந்த வரிசை எப்பவுமே புளிக்கும்யா” என்றார் பேச்சியம்மா. “பக்கத்துத் தோட்டத்துப் புளியமரத்து நெழலு. காய்க்கிறதே நாலு கொலதான், அதயும் பிள்ளைக பறிச்சுத் தின்னுரும். போன வருசம் ரோட்ட அகலப்படுத்தறோம்னு மரத்த வெட்டிப்புட்டாக. வெயிலு விழவும் இந்த வருசம் அம்புட்டுக் காய்ப்பு. நல்லாக் கறுத்து இருக்கேன்னு சாருக்கும் சேத்துப் போட்டு அனுப்புனேன்.”

எனக்கு மூச்சு வந்தது. சந்தைப் பழம் இல்லை. அவர் கொடிப் பழம்தான். கண்டேன் என்ற கட்டத்தில் ஏழு கொடியை எழுதினேன்.

பேராசிரியர் விடவில்லை. “அப்ப வாங்கிக் கலக்கல. நட்டே கலந்திருக்காங்க. பன்னீர்னு சொல்லி வேற ரகம் வித்ததுதானே இது?”

“நானா நட்டேன்? ஆபீசுல குடுத்த குச்சி! பன்னீருன்னு எழுதியே குடுத்தாக!”

உள்ளே போய் ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தார். பழைய பத்திரங்களுக்கு நடுவிலிருந்து, நான்காக மடித்த ஒரு விநியோகச் சீட்டு வெளியே வந்தது. ‘பன்னீர் குச்சிகள்.’ அதற்குக் கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே ஒரு நெளிவு, இரண்டு புள்ளி.

பேராசிரியர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். “பேரு ஒண்ணும் புரியலையே. டிசைன் மாதிரி இருக்கு. இந்தச் சீட்டு உண்மைதானான்னு ஆபீஸ் பதிவேட்டுல பாருங்க சார்.”

“நாளைக் காலையில சொல்லிருங்க” என்றார் பேச்சியம்மா. “வெட்டுறதுக்கு ஆளுககிட்டச் சொல்லி வச்சாச்சு.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் இருக்கை கிடைத்தது. அதை நான் அனுபவிக்கவில்லை. பதிவேடு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். பன்னீர் என்று சொல்லும், அதுவும் என் கையெழுத்தில். அதை அப்படியே எழுதினால், ‘அலுவலகம் வழங்கியது பன்னீர், பந்தலில் நிற்பது நீலம்’ என்றாகும். அந்த அம்மா பொய்க்காரி. ஒரு வார்த்தை கூடப் பொய் எழுதாமல் நான் அவரைப் பொய்க்காரியாக்கிவிடலாம். குச்சியைக் கொடுத்தவன் யார், எப்படிப் பிரித்தான் என்று மனுவில் கேட்கப்படவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் என்பதும் துரைராஜ் சார் விதிதான். ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போது அந்த விதி மிகவும் அழகாகத் தெரிந்தது. பஸ் திண்டுக்கல் வந்து சேரும் வரை அதன் அழகை ரசித்துக்கொண்டே வந்தேன்.

அலுவலகத்தில் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லாத, அழகான, தவறான பதிவு. ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டேன். பிறகு ஸ்கேலை வைத்து நான்காவதாக ஒன்று போட்டேன். அதன் தலையில் ‘நினைத்தேன்’ என்று எழுதினேன்.

மறுநாள் காலை பந்தலடியில் அரிவாளோடு இரண்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியரோடு மேரி டீச்சரும் வந்திருந்தார். நான் அறிக்கையைச் சத்தமாகப் படித்தேன். விதை நூறு, கொடி ஏழு, மரம் வெட்டியது, சீட்டு, பதிவேடு. பிறகு கடைசிக் கட்டம்.

“நான்கு: நினைத்தேன். மழையில் அட்டை அழிந்த குச்சிகளைப் பட்டையைப் பார்த்தே பிரித்துவிட முடியும் என்று நினைத்தேன். மேலதிகாரி காத்திருக்கச் சொன்னார், காத்திருக்கவில்லை. சீட்டிலும் பதிவேட்டிலும் உள்ள கையெழுத்து என்னுடையது. பேச்சியம்மாள் நட்டது அலுவலகம் பன்னீர் என்று கொடுத்ததை. அவர் மீது தவறு இல்லை.”

பேச்சியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அட, அந்த மீசைக்காரத் தம்பி நீங்கதானா?”

“நான்தான்மா.”

“அன்னைக்கே கேட்டேனேய்யா! ‘எல்லாம் நனஞ்சு கெடக்கே, மாறிக்கீறிப் போயிருக்காதா’ன்னு. ‘எனக்குத் தெரியாதா, எடுத்துட்டுப் போங்க’ன்னு சிடுசிடுன்னு விழுந்தீக. முப்பது வருசமா நெழலு மேல பழியப் போட்டுக்கிட்டு இருந்தேன். பாவம், அந்த மரம்.”

மேரி டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மனுவை எழுத்து மூலமா வாபஸ் வாங்கிக்கறேன். வருத்தத்தையும் அதுலயே பதிவு பண்றேன்” என்றார்.

“எழுத்து எனக்கெதுக்குய்யா? எழுத்துல நம்பித்தான இந்தக் கெதி. வாயால பேசித்தான பேரக் கெடுத்தீக, அந்த மூணு வீட்டுலயும் வாயாலயே சொல்லுங்க. நானும் கூட வாரேன்.”

அன்று மதியமே போனார்கள். மூன்று வீட்டிலும் பேராசிரியர் தலைப்பும் உட்தலைப்புமாக விளக்கினார் என்றும், மூன்றாவது வீட்டில் பேச்சியம்மா, “சார், சுருக்கமாச் சொல்லுங்க, எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார் என்றும் மேரி டீச்சர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அரிவாள்காரர்கள் காப்பி குடித்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள்.

அலுவலகம் என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை அனுப்பியது. அப்படிப்பட்ட குறிப்பாணைகளைத் தயாரிக்கும் பிரிவு என்னிடமே இருந்ததால், நானே கேட்டு, நானே கையெழுத்திட்டுப் பெற்று, நானே விளக்கம் எழுதினேன். அதில் ஒரு பெயரடைகூட இல்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் கண்டிப்போடு கோப்பு முடிந்தது.

என் செலவில் ஏழு பன்னீர் கன்று வாங்கி வைத்துத் தருகிறேன் என்று பேச்சியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. “காய்க்கிற கொடிய எதுக்கு வெட்டணும்? கெடக்கட்டும், ஒங்க பேரச் சொல்லிக்கிட்டு” என்றுவிட்டார். சொன்னபடியே செய்தும்விட்டார். அந்த வரிசைக்கு ஊரில் ‘ஆபீசர் கொடி’ என்று பெயர். அறுவடையில் அதைத் தனிக் கூடையில் அறுத்து, தனியாகச் சொல்லிக் கொடுக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு மேரி டீச்சர் கூப்பிட்டு, நிலவறைப் பலகையைக் காட்டினார். முதல் ஜாடிக்கு நேராக, பேராசிரியரின் திருத்தமான எழுத்தில்: ‘பன்னீர் ஒன்பது, ஆபீசர் ஒன்று.’ கொஞ்சம் புளிக்கிறது, ஆனால் பழகிவிட்டது என்றார் பேராசிரியர். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

செயலியோடு வந்த இரண்டு அதிகாரிகளையும் போன வாரம் அந்தப் பந்தலுக்கு அழைத்துப் போனேன். கிழக்குக் கடைசி வரிசையில் ஓர் இலையைப் படம் பிடித்தார்கள், மேல்பக்கமாக. ‘பன்னீர்’ என்றது போன்.

“நிச்சயமா?” என்று கேட்டேன்.

“நிச்சயம் சார்” என்றார்கள்.

பேச்சியம்மா வேலையை விட்டுவிட்டு வந்து போனை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதுக்கும் அந்த மீசைக்காரத் தம்பி வயசுதான் போல.”